தண்ணீர் போகும் வழியில் ஒரு நாள்

சந்தாபுராவிலும் அதைச் சுற்றியும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும் கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு எங்கே போகலாம்? பதில்களும் வீட்டுக்கு வீடு மனப்பாடம். நந்தி மலை, பன்னேர்கட்டா, ஆனேக்கல் தாண்டி முத்தியாலமடுவு, கொஞ்சம் துணிந்தால் ஒகேனக்கல். இந்த இடங்களெல்லாம் உங்களுக்கே நன்றாகத் தெரியும், அவற்றை நான் வர்ணித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இன்று நான் உங்களிடம் ஒரு வழக்கையே வாதாட வந்திருக்கிறேன். சந்தாபுராவில் இருப்பவர்கள் ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய பயணங்களிலேயே சிறந்தது, ஊர் ஏரித் தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே போவதுதான். அதாவது அத்திப்பள்ளி, ஓசூர், கெலவரப்பள்ளி அணை, தொரப்பள்ளி, பிறகு கிருஷ்ணகிரி அணை. இதில் பாதி ஊர்களைச் சுற்றுலாக் கையேட்டில் தேடினாலும் கிடைக்காது. கிடைக்காததாலேயே இவ்வளவு நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சாலைக் கணக்கைப் பார்த்துவிடுவோம், அது சீக்கிரம் முடிந்துவிடும். நந்தி மலை பெங்களூருவுக்கு வடக்கே இருக்கிறது, சந்தாபுரா தெற்கு ஓரத்தில். சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் நள்ளிரவு தாண்டியதுமே பிள்ளைகளை எழுப்ப வேண்டும். போகும்போது காலியாக இருக்கும் சில்க் போர்டும் ஹெப்பாளும் திரும்பும்போது உங்களை விடாது. ஊரை முழுசாகக் குறுக்கே கடந்துதான் ஊரை விட்டு வெளியே போக வேண்டும் என்றால் அந்தப் பயணத்தில் பாதி ஊருக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. தெற்கே திரும்பினால் கதை வேறு. அத்திப்பள்ளி ஏறத்தாழ 10 கிலோமீட்டர், ஓசூர் 17, அங்கிருந்து கிருஷ்ணகிரி இன்னொரு 50. எல்லாம் ஒரே தேசிய நெடுஞ்சாலை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். கார் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஹீலலிகே ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, அது ஓசூர் வழியாகச் சேலம் போகும் தடம். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால், ஜெயநகர் பக்கம் இருக்கும் உறவுக்காரர்கள்கூடக் காலையிலேயே வந்து உங்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

இனி தண்ணீர். பெங்களூரு ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அதன் மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் விழுவது தட்சிண பினாகினிக்கு. ஓசூரைத் தொட்டதும் நாம் தென்பெண்ணை என்று சொல்கிறோமே, அதே ஆறுதான். நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, ஒசகோட்டை வழியாக இறங்கி, கொடியாளம் பக்கத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. சந்தாபுரா இருப்பது கிழக்குச் சரிவில். இங்கே பெரிய ஆறு எதுவும் கிடையாது. அதனால் அந்தக் காலத்தில் ஏரிக்குக் கீழே ஏரி என்று சங்கிலியாக வெட்டி வைத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் கோடியில் வழிந்து கீழ் ஏரிக்கு வரும். சந்தாபுரா ஏரிக்குக் கீழே முத்தாநல்லூர் ஏரி, அதற்கும் கீழே பிதரகுப்பே என்று நிலம் கிழக்கே தாழ்ந்துகொண்டே போகிறது. ஒருவருக்கு மிஞ்சியது அடுத்தவருக்கு என்பதைத் தவிர அந்த ஏற்பாட்டில் வேறு சூட்சுமம் எதுவும் இல்லை. ஆனால் மிஞ்சி வருவது எதுவாக இருந்தாலும் கீழே போகும் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. ஜிகினி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சந்தாபுரா ஏரியின் நிலைமையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்திரிகைச் செய்தி ஒன்றைப் பார்த்துவிட்டுத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2022 அக்டோபரில் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு புரசபை ஊரின் ஏரிக்கு 500 கோடி! தினமும் அதன் ஓரமாகப் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த இடத்தில் பயணத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, குழாயடிக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் மேலே சொல்லப்போவது புரியாது. பெங்களூருவின் பெரும்பகுதி குடிக்கும் தண்ணீர் காவிரியிலிருந்து வருகிறது. மண்டியா மாவட்டத்து மளவள்ளிப் பக்கம் தொரேகாடனஹள்ளி என்று ஓர் ஊர். அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு, இரவும் பகலும் மோட்டார் போட்டு ஏற்றுகிறார்கள். முதல் கட்டம் 1974இல் வந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது, அது மட்டுமே நாளைக்கு 77.5 கோடி லிட்டர். வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. அந்த நான்கு பங்கு எங்கே போகிறது? கிழக்குச் சரிவில் இருக்கும் கோரமங்களா, பெல்லந்தூர், வர்த்தூர் பக்கத்து வீடுகளிலிருந்து அது தட்சிண பினாகினிக்குப் போகிறது. ஓர் ஆற்றில் எடுத்து, சமையலறை வழியாகவும் குளியலறை வழியாகவும் சலவை இயந்திரம் வழியாகவும் அனுப்பி, வேறோர் ஆற்றில் விடுகிறோம். இரண்டு ஆறுகளை இணைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் எத்தனையோ ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். காவிரியையும் தென்பெண்ணையையும் பெங்களூருவின் வாளிகள் எப்போதோ இணைத்துவிட்டன. சந்தாபுராவில் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தானே என்று நீங்கள் கேட்பது சரிதான். தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் அது போகிற திசை மாறுவதில்லை.

குடிக்கக் காவிரி, கழுவிவிடத் தென்பெண்ணை என்ற இந்த ஏற்பாட்டால் ஒரு விந்தையும் நடந்திருக்கிறது. மழை பெய்தால் மட்டும் ஓடவேண்டிய ஆறு வருடம் முழுக்க ஓடுகிறது. நகரம் ஊற்றுக்கண் ஆகிவிட்டது. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதையும், 2017இலும் 2018இலும் அந்த ஏரிப் பரப்பில் தீப்பிடித்ததையும் நாடே பார்த்தது. 2018 முதல் அந்தப் பள்ளத்தாக்கின் கழிவுநீரில் ஒரு பெரும் பங்கைச் சுத்திகரித்துக் குழாய் மூலம் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பின. இன்னும் ஒரு படி கூடுதலாகச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும் என்று அங்குள்ள விவசாயிகளும் ஆர்வலர்களும் போராடிவருகிறார்கள். அது தனியாகவே பேசவேண்டிய கதை, இங்கே விட்டுவிடுகிறேன். குழாய்க்குள் போகாமல் மிச்சமிருப்பது ஆற்றோடு வருகிறது. அந்த ஆறு முதன்முதலாகத் தேங்கி நிற்கும் பெரிய இடம்தான் நம் பயணத்தின் முதல் நிறுத்தம்.

ஓசூரை நெருங்கியதும் சந்திரசூடேஸ்வரர் மலை கண்ணில் படும். அதைக் கும்பிட்டுவிட்டுக் கெலவரப்பள்ளிக்குத் திரும்புங்கள். அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 44.28 அடி. வலது, இடது கால்வாய்கள் மூலம் சுமார் 8,000 ஏக்கர் பாசனம். பெரிய அணை என்று சொல்ல முடியாது. ஆனால் மேல்பக்கம் மழை பெய்து மதகு திறந்துவிட்ட நாளில் அங்கே காணக்கிடைப்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. மதகிலிருந்து விழும் தண்ணீர் கறுப்பாக வருகிறது. விழுந்த இடத்திலேயே வெள்ளை வெளேரென்று கிளம்புகிறது. சலவைத் தூளிலும் பாத்திரம் துலக்கும் சோப்பிலும் இருக்கும் நுரைப்பான்கள் தண்ணீரோடு கலந்து வருகின்றன. உயரத்திலிருந்து விழும்போது காற்று உள்ளே புகுந்ததும் நுரை எழும்புகிறது. குமிழிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஆற்றின் இரு கரையையும் மூடி, ஆள் உயரத்துக்கு மேலும் நிற்கும். காற்றடித்தால் பெரிய பெரிய துண்டுகளாகப் பிய்ந்து மேலே பறந்துபோய், வயல் வரப்பில் உட்காரும், முள்செடியில் மாட்டிக்கொண்டு நடுங்கும். கீழே இருக்கும் தரைப்பாலங்களை நுரை மூடி, பைக்கில் போகிறவர்கள் வழி தெரியாமல் நின்றுவிட்ட செய்திகள் மழைக்காலம்தோறும் வருகின்றன. தூரத்திலிருந்து பார்க்கும் பிள்ளைகள் பனி என்று சொல்லிக் கை தட்டும். பக்கத்தில் போகவிடாதீர்கள். தோலில் பட்டால் அரிக்கும், நாற்றம் சொல்லவே வேண்டாம்.

இப்போது உங்கள் மறுப்பு எனக்குக் கேட்கிறது. அழகான இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாக்கடை நுரையைக் காட்டுகிறாயே, இதற்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை? நியாயமான கேள்வி. நான் சொல்லும் பதில் இரண்டு பங்கு. முதலாவது, நுரை வருடம் முழுக்க இருப்பதில்லை, அந்த வட்டாரம் முழுக்கவும் இல்லை. அணையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பாகலூர், பேரிகைப் பக்கத்து வயல்கள். முட்டைக்கோசும் தக்காளியும் சாமந்தியும், வெள்ளைக் கூரை போட்ட பசுமைக்குடில்களுக்குள் ரோஜாவும். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ரோஜாவில் ஓசூர் வட்டாரத்துப் பங்கு பெரியது. கார்த்திகை, மார்கழியில் போனால் செம்மண் மேட்டில் ராகி கதிர் முற்றி விரல் மடக்கி நிற்கும். ஊடுபயிராக மொச்சைக்கொடி பூத்திருக்கும். வயலை ஒட்டிக் கரும்பாறைக் குன்றுகள். பெங்களூருவின் குளிர் காற்று அப்படியே இருக்கும், இரைச்சல் மட்டும் இருக்காது. இந்த நிலக்காட்சிக்கு முன்னால் நந்தி மலையின் வாகன நிறுத்தம் எம்மாத்திரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மொச்சை என்று சொன்னதும் அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. மார்கழிப் பனியில் முற்றும் மொச்சைக்கு ஒரு தனி மணம் உண்டு. காயை விரலால் தொட்டாலே பிசுபிசுப்போடு அது ஒட்டிக்கொள்ளும். உரித்த கொட்டையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து அழுத்தினால், தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். அதுதான் பிதுக்குப் பருப்பு. தேங்காயும் கசகசாவும் அரைத்துவிட்ட குழம்பில் அது வெந்து, சூடான ராகிக் களி உருண்டையோடு சேர்ந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு விருந்து தேவையில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் கன்னடக்காரர்கள் வீட்டிலும் இதே பருப்பு, இதே உருண்டை. சந்தாபுரா சிக்னலில் தை மாதம் கோணி விரித்துக் குவித்து விற்கிறார்களே, அந்த மொச்சை இந்த வயல்களிலிருந்தும் வருகிறது. நாம் அனுப்பும் தண்ணீர் கீழே போகிறது, அங்கே விளைவது மேலே நம் வீட்டுக்கு வருகிறது. அழகுக் கேள்விக்கு என்னுடைய இரண்டாவது பதில் இதுதான். கண்ணுக்கு முன்னால் இந்த வட்டம் முழுசாகத் தெரியும் பயணம் வேறு எதுவும் சந்தாபுராவிலிருந்து கிடையாது. வயலைப் பார்த்துவிட்டு நுரையைப் பார்க்காமல் திரும்புவது பாதி பார்த்தது மாதிரிதான்.

ஓசூருக்குக் கீழே, அதே ஆற்றங்கரையில் தொரப்பள்ளி. ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த ஊர். சுதந்திர இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக இருந்த ஒரே இந்தியர், 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை. அவர் பிறந்த வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. அக்கிரகாரத் தெருவில் மற்ற வீடுகளோடு வீடாக இருக்கும் எளிய ஓட்டு வீடு, மாளிகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அப்பா ஊர் முன்சீப். பிள்ளை ஓசூரில் பள்ளிக்கூடம் போய், பிறகு பெங்களூரு சென்ட்ரல் கல்லூரிக்குப் படிக்கப் போனது. அதாவது இன்றைக்கு நீங்கள் காரில் கீழே வரும் இதே வழியில், அன்றைக்கு அவர் மேலே போனார். தமிழ்நாட்டின் இந்த மூலைக்குப் பெங்களூரு எப்போதுமே பக்கத்து வீடு, சென்னை தூரத்து உறவு. ஆற்றங்கரை என்பதால்தான் அங்கே அக்கிரகாரம் அமைந்தது. ஸ்நானத்துக்கும் சந்தியாவந்தனத்துக்கும் நெல்லுக்கும் அந்தத் தண்ணீர்தான். இன்றைக்கு அதில் கை நனைக்கவே எல்லோரும் யோசிக்கிறார்கள். ராஜாஜி நினைவில்லத்தைப் பார்ப்பவர்கள் வீட்டோடு நிறுத்திவிடாமல் ஆற்றங்கரை வரை ஒரு நடை நடந்துவிட்டு வரவேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு மறுப்பும் உண்டு, அது இன்னும் கனமானது. வாரம் முழுக்க நகரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள், ஒரு நாளாவது அதை மறக்கத்தானே வெளியே போகிறார்கள்? அங்கேயும் நகரத்தின் பிரச்சினையையே காட்டினால் எப்படி? இதை நான் லேசாக ஒதுக்கவில்லை. ஓய்வு வேண்டும், அது உரிமை. ஆனால் பாருங்கள், நந்தி மலையிலும் முத்தியாலமடுவிலும் அந்த மறதி கிடைக்கிறதா? வாரக்கடைசி வந்தால் அங்கேயும் ஹார்ன் சத்தம், பிளாஸ்டிக் குப்பை, வரிசை. எல்லோரும் மறக்கப் போகும் இடத்துக்கு நகரமும் கூடவே வந்துவிடுகிறது. ஓசூர், பாகலூர்க் கிராமச் சாலைகளில் அந்தக் கூட்டம் இல்லை. நெருக்கியடிக்காத ஒரு நாள்தான் ஓய்வு என்றால் அது இங்கேதான் கிடைக்கும். பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்பார்கள். மதகும் கால்வாயும் நுரையும் ரோஜாக் குடிலும் பிள்ளைகளுக்குச் சலிப்பதில்லை, பாடப்புத்தகத்தில் நீர்ச் சுழற்சி என்று படம் வரையும் வயதில் அதை நேரில் காட்டும் இடம் இது. சலிப்பது பெரும்பாலும் நமக்குத்தான்.

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிருஷ்ணகிரி அணைக்கு இறங்குங்கள். காமராசர் காலத்து அணை, 52 அடி, 9,012 ஏக்கர் பாசனம். கீழே பூங்கா, வாசலில் மீன் வறுவல் கடைகள். அணையில் பிடித்த மீனை மசாலா தடவி உங்கள் கண்ணெதிரே கல்லில் போட்டுத் தருவார்கள். காலையில் கெலவரப்பள்ளியைப் பார்த்தவருக்கு அந்தத் தட்டைக் கையில் வாங்கும்போது ஒரு கேள்வி வரும். இந்த மீன் வளர்ந்த தண்ணீர் எது? அந்தக் கேள்வி வந்துவிட்டால் என் வாதம் முடிந்தது, தீர்ப்பு உங்களுடையது. அணைக்குக் கீழே நெல்லும் தென்னையும் பச்சைப் பசேலென்று விரிந்துகிடக்கும். சுற்றிலும் மாந்தோப்புகள். கிருஷ்ணகிரித் தோப்புகளில் பெரும் பங்கு, மூக்கு நீண்ட பெங்களூரா மாம்பழம். நறுக்கி உப்பும் மிளகாயும் தூவிச் சாலையோரத்தில் விற்பது அதுதான், கூழ் ஆலைக்குப் போவதும் அதுதான். ஆறு அங்கேயும் நிற்பதில்லை. சாத்தனூர் அணை, கபிலர் குன்று இருக்கும் திருக்கோவிலூர் என்று 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது. ஒரு நாளில் அவ்வளவு தூரம் முடியாது, கிருஷ்ணகிரியோடு திரும்பிவிடலாம்.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் ஆற்றுக்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த ஆறு இரண்டு மாநிலங்களின் வழியே ஓடுகிறது. தமிழ்நாட்டுக்காரர்கள் நுரையைப் பார்க்கிறார்கள், அதை அனுப்பும் குழாய் அவர்கள் கையில் இல்லை. கர்நாடகத்தில் குழாய் கையில் இருப்பவர்கள் நுரையைப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கக்கூடியவர்கள் எல்லையில் வாழ்பவர்கள்தான். சந்தாபுராவில் வீடும் வரியும், கிருஷ்ணகிரியிலோ திருவண்ணாமலையிலோ கடலூரிலோ சொந்தபந்தமும் நிலமும் இருக்கிற குடும்பங்கள் எத்தனை! புரசபையில் போய்ப் பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் எப்போது வரும் என்று கேட்க அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவு எங்கே போகிறது என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். சுத்திகரிப்பு இயந்திரம் இருந்தால் அது ஓடுகிறதா என்று கேளுங்கள். நேரில் பார்த்துவிட்டு வந்தவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது கடினம்.

கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வயல்களுக்கும் மொச்சைக்கும் மார்கழி, தை. மாம்பழத்துக்கு வைகாசி, ஆனி. நுரையைப் பார்க்க வேண்டுமென்றால் பெங்களூருவில் நல்ல மழை பெய்த மறுநாள். கிருஷ்ணகிரியிலிருந்து மாலை 4 மணிக்கெல்லாம் திரும்பிவிடுங்கள். ஞாயிறு இரவு ஓசூரிலும் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியிலும் ஊர் திரும்புகிற வண்டிகள் எல்லாம் ஒன்றாக வந்து சேரும்.